சென்னியப்பனின் இடது கை

தொண்டாமுத்தூர் சாலையில் பாக்குத் தோப்புகளுக்குப் பின்னால் இருக்கிற குளிர்தரு முதியோர் இல்லத்தில், ஆடிக் காற்று தென்னை மட்டைகளை ஓயாமல் கீழே தள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிப் பிழைத்த சென்னியப்பனின் இடது கையும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஞானசௌந்தரியின் வலது கையும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிட்டிருந்தன. தழும்பில்லை, ரத்தமில்லை, வலியும் இல்லை. ஒட்டுக்கட்டிய மாங்கன்றில் எது எந்த மரத்துப் பட்டை என்று தெரியாமல் போகுமே, அப்படி உள்ளங்கையும் உள்ளங்கையும் ஒரே தோலாகியிருந்தன. வராந்தா நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் காப்பி கொண்டுவந்த ஆயாதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒரு கைதான் சும்மா இருக்குது, டம்ளரைப் பாதி ஊத்தித் தரட்டுங்களா?" என்று கேட்டாள்.

மேட்ரன் லீலாவதி வந்து தேங்காய் எண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தாள், வெந்நீரில் முக்கிப் பார்த்தாள், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வீட்டாருக்குச் சொல்லவேண்டுமே என்று போனை எடுத்தாள். ஞானசௌந்தரி கல்யாணமே செய்துகொள்ளாதவள், அவளுக்கு இருந்தது பெங்களூரில் அண்ணன் மகன் பென்னட் ஒருவன்தான். சென்னியப்பனுக்கு மனைவி இருந்தாள்.

"அம்மா, பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க. நம்ம ஐயாவோட கை ஒரு அம்மா கையோட ஒட்டிக்கிச்சுங்க."

போனின் மறுமுனையில் துளசிமணி எப்படி ஒட்டிற்று என்று கேட்கவில்லை, வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை. "எந்த அம்மா?" என்று கேட்டாள்.

துளசிமணி பொறாமைக்காரி என்பது சிங்காநல்லூரில் அவர்கள் தெருவுக்கே தெரியும். புருஷன் கடையில் பாடிய ரேடியோவைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் அவள், மிக்ஸி மோட்டாரைப் பழுது பார்க்கக் கொண்டுவரும் பெண்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் கடை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தவள், எல்லாவற்றுக்கும் மேலாகச் செம்புக் கம்பியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். மோட்டாரின் வயிற்றுக்குள் அந்தக் கம்பியை அவர் சுற்றுகிற பதனத்தில் பாதி தன்மேல் விழுந்திருந்தால் போதும் என்று அவள் ஆயுசு முழுக்க நினைத்திருந்தாள். ஆனால் சென்னியப்பன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர். கூட்டத்தில் ஒரு நாளும் அவள் கையைப் பிடித்ததில்லை. கூட்டமில்லாத இடத்திலும் பிடித்ததாக அவளுக்கு நினைவில்லை.

அந்த மனிதருக்குத்தான் வயதான பிறகு நினைப்பு சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது. முதலில் சாவியின் இடம் கழன்றது, பிறகு பேத்தியின் பெயர், பிறகு காலை எது மாலை எது என்பது. ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தி, கழற்றி, கம்பியை உருவி வீடு முழுக்கப் போட்டுவிட்டு அதற்கு நடுவில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே போனவரைச் சூலூர் தாண்டி யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். குளியலறையில் வழுக்கியவரைத் தூக்கப்போய்த் துளசிமணி தானும் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்த அன்றைக்குத் திருப்பூரிலிருந்து மகள் சுகந்தி வந்து சேர்ந்தாள்.

"இனிமே உன்னால முடியாதும்மா. நல்ல எடமாப் பாக்கலாம்."

"அப்ப அவியளைக் கொண்டுபோயித் தள்ளிப்போடலாங்கறியா?"

"தள்ளறதில்லம்மா. நீ எந்திரிக்க முடியாமப் படுத்துட்டா ரெண்டு பேரையும் யாரு பாக்கறது?"

அம்மாவும் மகளும் காரில் ஏறிக் கோயம்புத்தூரைச் சுற்றியிருக்கிற இல்லங்களையெல்லாம் பார்த்தார்கள். ஒருத்தருக்கு எத்தனை பேரைப் பார்க்கிற வேலை, ராத்திரியில் நர்ஸ் இருப்பாரா, டாக்டர் எப்போது வருவார், எழுந்து நடந்து போய்விடுகிறவர்களைக் கட்டிப்போடுவீர்களா, கடைசிக் காலத்தில் படுக்கையாகிவிட்டாலும் வைத்துக்கொள்வீர்களா, நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா என்று சுகந்தி கேட்டாள். எல்லா இடத்திலும் துளசிமணி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இவியளைக் குளிக்க வெக்கறது ஆம்பளையா பொம்பளையா?" ஒரு இல்லத்தில் பினாயில் வாசம் தூக்கலாக இருந்தது, பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க வரலாம் என்றார்கள். குளிர்தருவுக்குள் நுழைந்தபோது இரண்டு கிழவர்கள் கேரம் போர்டைத் தட்டிவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சண்டை போடறாங்கன்னா உசுரோட வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். இங்கயே சேத்தலாம்மா" என்றாள் சுகந்தி. ஒரு மாதம் இருந்து பார்ப்பது, ஒத்துவராவிட்டால் கூட்டிப்போய்விடுவது என்று பேச்சு. குளிக்க வைக்கிறவர் ஆண்தான் என்று தெரிந்த பிறகு துளசிமணியும் தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் டிபன் கேரியரோடு பஸ் ஏறி வந்தாள். சென்னியப்பன் அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "வாங்க, என்ன மோட்டாருங்க? எத்தன எச்.பி.?" என்று கேட்பார். அவள் சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள். வாடிக்கையாளர் சோறு ஊட்டுகிறாரே என்ற கூச்சத்தோடு அவர் வாங்கிக்கொள்வார். அந்தக் கூச்சத்தை அவள் பொறுத்துக்கொண்டாள், ஏனென்றால் அவர் யாரையுமே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. யாருக்கும் இல்லாதது தனக்கும் இல்லாமல் போவதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது அந்த நியாயமும் போயிற்று.

அன்று காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வராந்தாவில் நின்று இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒல்லியான, கண்ணாடி போட்ட, வெள்ளைப் புடவை உடுத்திய ஞானசௌந்தரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எப்பிருந்து?" என்று கேட்டாள்.

"விடியக்காலையில கடை தொறக்கணும்னு அழுதாங்க அக்கா. தினமும் அழுவாங்க. இன்னைக்குக் கையைப் புடிச்சேன்" என்றாள் ஞானசௌந்தரி, தெற்கத்தி நாசரேத்துப் பக்கத்துப் பேச்சில். "பொறவு எடுக்க முடியலை."

பார்த்தாலே தன்னைவிட இரண்டு வயதாவது மூத்தவள் தன்னை அக்கா என்கிறாள் என்பது துளசிமணியின் நெஞ்சில் முதல் முள்ளாகக் குத்தியது.

இல்லம் அந்தக் கையை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் பக்கத்தில் படுக்க வைப்பதா பெண்கள் பக்கத்திலா என்று ஒரு நாள் முழுக்கப் பேசி, இரண்டுக்கும் நடுவில் இருந்த விருந்தினர் அறையைக் காலி செய்து இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டார்கள். தையல்காரர் வந்து அவர் சட்டையின் இடது கைக்கும் அவள் ரவிக்கையின் வலது கைக்கும் பிரித்து மாட்டப் பித்தான் வைத்துக் கொடுத்தார். குளியலறையில் நடுவில் ஒரு திரை கட்டி இந்தப் பக்கம் ஆணும் அந்தப் பக்கம் பெண்ணுமாக உதவிக்கு நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அவள் போனால் அவரும் போய் ஆமென் சொன்னார், வெள்ளிக்கிழமை பூஜைக்கு அவர் போனால் அவளும் போய்க் கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் தன் சங்கீதத்தைச் சொன்னாள். பாஸ்டர் வந்து பார்த்துவிட்டு ஆண்டவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்றார், பூசாரியும் வந்து பார்த்துவிட்டு ஏறக்குறைய அதையே சொன்னார். தேர்தல் வந்தபோது வேனில் கூட்டிப்போனார்கள். மை வைக்கிற அதிகாரி கோத்திருந்த விரல்களைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்து, நகத்தைப் பார்த்து ஆண் விரல் எது என்று கண்டுபிடித்து வைத்தார். இல்லத்தில் கணவன் மனைவியாக இருந்தவர்கள் சிலர் ஜாக்கிரதையாகத் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள், தனியாக இருந்தவர்கள் சிலர் மாலை நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் கையைத் தற்செயலாகத் தொடுவதுபோலத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு தனித்தனி, ரத்தக் குழாய் மட்டும் ஒன்று என்றார். சென்னியப்பனின் சர்க்கரை அவள் ரத்தத்திலும், அவள் சாப்பிடும் பிரஷர் மாத்திரை அவர் ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு விக்கல் எடுத்தால் அவருக்குத் தண்ணீர் கொடுத்தால் போதும். வெட்டிப் பிரிக்கலாம், இந்த வயதில் ஆபத்து இருக்கிறது, இரண்டு குடும்பமும் சம்மதித்தால் செய்யலாம் என்றார் டாக்டர்.

"நாளைக்கே வெட்டிப்போடுங்க" என்றாள் துளசிமணி.

"அம்மா!" என்றாள் சுகந்தி.

"என்னடி அம்மா? உன்ற புருசன் கை இப்படி ஒருத்தி கையில ஒட்டிட்டு நின்னா நீ மொளகா பஜ்ஜி சுட்டுக் குடுப்பியா?"

பென்னட்டும் போனிலேயே சரி என்றான். டாக்டர் ஒரு தேதி சொன்னார். அந்தத் தேதி வரும்வரைக்கும் துளசிமணி காலையிலேயே வந்து சென்னியப்பனின் வலது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய மிச்சமிருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மாங்கன்றுக்குக் கட்டுவதுபோலப் பழைய வேட்டிக் கிழிசலால் சுற்றிக் கட்டினாள். பேச்சுக் கொடுத்தால் ஒட்டுமோ என்று பேசிப் பார்த்தாள், பேசினால் கலைந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். சாயங்காலம் அவிழ்த்தால் இரண்டு கையும் வேர்த்து ஊறி வெளுத்திருக்கும், அவ்வளவுதான். சென்னியப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "காயில் நாளைக்கு ரெடியாயிருமுங்க" என்று அவளுக்குச் சமாதானம் சொல்வார். அவள் எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போவாள். திரும்பிப் பார்த்தால் அந்த இன்னொரு கை கோத்தது கோத்தபடி இருக்கும்.

ஒரு மதியம் அவள் கேரியரைத் திறந்தபோது ஞானசௌந்தரி மூக்கை உறிஞ்சினாள். உறிஞ்சிவிட்டு, நாசரேத்துப் பேச்சு போய், சிங்காநல்லூர்ப் பேச்சில், "புளி சித்த தூக்கலாப் போட்டுட்டயாட்டிருக்குதே, மணியாத்தா" என்றாள்.

மணியாத்தா என்ற பேர் யாருக்கும் தெரியாது. மகளுக்கும் தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், அதுவும் மனசு நன்றாக இருந்தால் மட்டும், சென்னியப்பன் வாயிலிருந்து வருகிற பேர் அது.

"அந்தப் பேரை எங்கிருந்து திருடினே?"

"எனக்குத் தெரியலக்கா. தானா வந்துட்டு. கொஞ்ச நாளா எனக்குச் சம்பந்தமே இல்லாததெல்லாம் ஞாபகத்துக்கு வருது. ஒரு கடை, ஒரு ஸ்டூல், நீங்க கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கீங்க..."

அவர் மறந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று துளசிமணிக்கு அப்போது புரிந்தது. தொலைந்துபோயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தொலையவில்லை, அந்தக் கை வழியாக இறங்கி அடுத்தவள் வீட்டில் குடியேறியிருக்கிறது. அவள் கேரியரை மூடினாள். இல்லம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள். கல்யாணமே ஆகாதவள் அடுத்தவள் புருஷனுக்காகக் காத்திருந்தாயா என்றாள், கையைத் தின்றாய், ரத்தத்தைத் தின்றாய், இப்போது என் வாழ்க்கையையும் தின்கிறாயா என்றாள், சொல்லக் கூடாத இன்னும் சிலவற்றையும் சொன்னாள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் காயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊராரின் ஏச்சுப் பேச்சைக் கேட்டு லைன் கொடுத்த ஞானசௌந்தரி, அந்தப் பழக்கத்தில் கடைசிவரை கேட்டுக்கொண்டாள். ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் சாப்பிடாததில் அவர் வாடினார். அவருக்கு எவ்வளவு ஊட்டினாலும் அது கை வழியாக அவள் பக்கம் ஓடிற்று, இருவருக்கும் போதவில்லை. சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் சரிந்தார், உதடு வெளுத்தது. மேட்ரன் சொல்லிப் பார்த்தாள், பாஸ்டர் சொல்லிப் பார்த்தார், பென்னட் போனில் கெஞ்சினான். ஞானசௌந்தரி எல்லோருக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

துளசிமணி வந்தாள். புருஷனைப் பார்த்தாள். தட்டில் ரசம் சோற்றைப் போட்டுக் குழைய மசித்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முதல் முறையாக ஞானசௌந்தரியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"வாயத் தொற."

"உங்க கையால எனக்கு எதுக்குங்க?"

"உனக்கு யாரு ஊட்டறா? நான் என்ற ஊட்டுக்காரருக்கு ஊட்டறேன். தொற வாயை."

ஞானசௌந்தரி அவளைக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதல் உருண்டையை மென்று விழுங்கியபோது பக்கத்து நாற்காலியில் சென்னியப்பனின் தொண்டையும் ஏறி இறங்கியது. துளசிமணிக்குக் கண் கலங்கியது. அது கோபத்தினால் என்று எல்லோரும் நினைத்தார்கள், பெரும்பகுதி கோபம்தான். அவள் கையால் ஒருத்தி தின்கிறாள், தின்றது அவருக்குப் போய்ச் சேருகிறது, இதைவிட நெருக்கமாக அவருக்கு அவள் ஒருநாளும் ஊட்டியதில்லை. அதற்கும் நடுவில் ஒருத்தி வேண்டியிருக்கிறது.

தட்டு காலியாகிற நேரத்தில், தலையைத் தூக்காமல் கேட்டாள்: "ஊட்டி ஞாபகம் இருக்குதா உனக்கு?"

"எந்த ஊட்டி?"

"கலியாணம் முடிஞ்சு போனது. பஸ்ஸுல. எனக்குக் கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கல. அவிய புதுச் சட்டை மேலயே வாந்தி எடுத்துப்போட்டேன். சட்டையைக் கழட்டிக் குன்னூருலயே வீசிட்டு, பனியனோட வந்தாரு. அன்னிக்குப் பூராவும் என்றகூட ஒரு வார்த்தை பேசல. இந்நேரம் வரைக்கும் அது எனக்கு ஆறல."

ஞானசௌந்தரி கண்ணை மூடினாள். யாருடைய லைனையோ தேடிக் கொடுப்பதுபோலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு அந்த இன்னொரு பேச்சில் சொன்னாள்:

"கோவமில்ல மணியாத்தா. குளுரு. பல்லு தந்தியடிச்சிட்டிருந்துச்சு. வாயத் தொறந்தா உனக்குத் தெரிஞ்சுபோயிரும், தெரிஞ்சா உன்ற சீலைத் தலைப்பை எடுத்துக் குடுத்துருவே. நீயே நடுங்கிட்டிருந்தே. அதான் பேசல."

துளசிமணி தட்டைக் கழுவி வைத்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சிங்காநல்லூர் வருகிறவரைக்கும் சிரித்தாள் என்றும் அழுதாள் என்றும் பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

டாக்டர் சொன்ன தேதியன்று ஆம்புலன்ஸ் வந்தது, பென்னட் பெங்களூரிலிருந்து வந்தான், சுகந்தி லீவு போட்டுவிட்டு வந்தாள். துளசிமணி வாசலை மறித்து நின்றுகொண்டு வேண்டாம் என்றாள்.

"நீங்கதானே ஆன்ட்டி அவசரப்பட்டீங்க?" என்றான் பென்னட்.

"வெட்டினா அவிய நெனப்பெல்லாம் எந்தப் பக்கம் நிக்கும்? உங்க டாக்டரு சொல்லுவாரா?"

பென்னட் போனில் கேட்டதற்கு, படத்தில் அது தெரியவில்லை என்றார் டாக்டர். அப்போது உள்ளேயிருந்து ஞானசௌந்தரி குரல் கொடுத்தாள். "வெட்டணுங்கீங்க, வேண்டாங்கீங்க. இது என் கையும்தானே. ஒருத்தராவது என்கிட்டக் கேட்டீங்களா?"

எல்லோரும் உள்ளே போனார்கள். பென்னட் அத்தையின் காலடியில் உட்கார்ந்து, "சொல்லுங்க அத்தை, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

"எல்லாரையும் எல்லாரோடயும் பேச வச்சேன். எனக்குன்னு ஒரு போன் கால் வந்ததில்லை. இப்பத்தான் ஒருத்தர் புடிச்ச கையை விடலை. எனக்குப் பாரமா இல்லை. இருக்கட்டும்."

ஒருத்தர் பிடித்த கையை விடவில்லை என்றதைக் கேட்டதும் துளசிமணிக்கு வயிறு எரிந்தது. ஆனால் வேண்டாம் என்றதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் வெறுமனே திரும்பிப் போயிற்று.

சென்னியப்பன் தை மாதத்தில் ஒரு முற்பகலில், கேரம் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, உட்கார்ந்தவாக்கில் போய்ச் சேர்ந்தார். ஞானசௌந்தரிதான் முதலில் அறிந்தாள். "என் கை சில்லுனு ஆவுது, அக்காவுக்குச் சொல்லுங்க" என்றாள். துளசிமணி வந்து அவரைக் குளிப்பாட்ட மஞ்சள் தண்ணீர் ஊற்றியபோது, எப்படி எடுத்துப்போவது என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருந்தபோது, காய்ந்த அவரைக்காய் தானாகப் பிளப்பதுபோல இரண்டு கைகளும் பிரிந்தன. அவர் உள்ளங்கை எப்போதும்போலக் கம்பி கிழித்த கோடுகளோடு இருந்தது. ஞானசௌந்தரியின் உள்ளங்கை கோடே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. துளசிமணி அந்தக் கையைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரை ஊற்றினாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பென்னட் வந்தான். பெங்களூரில் தன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு இல்லம் பார்த்திருப்பதாகவும், லிஃப்ட் இருக்கிறது, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தானே கூட்டிப்போவதாகவும் சொன்னான். எல்லாம் நல்லதாகத்தான் இருந்தது. பெட்டியையும் கட்டிவிட்டார்கள். செய்தி கேட்டுத் துளசிமணி ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"கூட்டிட்டுப் போங்க தம்பி, நான் தடுக்கல. ஆனா எங்கூட்டுக்காரரை இங்கயே எறக்கிவெச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

"ஆன்ட்டி, அங்கிள் தவறிட்டாங்க."

"உங்க அத்தைக்குள்ள இருக்காரு. நேத்துக்கூடப் பேசினாரு. கேட்டுப் பாருங்க."

பென்னட் அத்தையைப் பார்த்தான். ஞானசௌந்தரி கோடில்லாத உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு, "கைதான் பிரிஞ்சு போச்சு. மத்ததெல்லாம் இருக்கு. நான் இங்கயே இருக்கேன் பென்னட்" என்றாள். அவன் பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பினான்.

அந்த வாரமே துளசிமணி தன்னையும் குளிர்தருவில் சேர்க்கச் சொன்னாள். "உனக்கு என்னம்மா? நடக்கறே, சமைக்கறே. திருப்பூருக்கு வந்து எங்ககூட இரு" என்று சுகந்தி அழுதாள்.

"உன்ற ஊட்டுல அவிய இல்லியே கண்ணு."

இந்த முறை கேள்விகளை அவளே கேட்டாள். எந்த அறை, எந்த ஜன்னல், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு இடைவெளி, நான் படுக்கையாகிவிட்டாலும் இதே அறையில் விடுவீர்களா, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா. மேட்ரன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, தாழ்ப்பாள் மட்டும் விதிப்படி கிடையாது என்றாள். துளசிமணி ஸ்டூலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் படுத்திருந்த கட்டிலில் அவள் படுத்தாள். தினமும் மதியச் சாப்பாடு ஆனதும் ஞானசௌந்தரியைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்பாள். ஞானசௌந்தரி கண்ணை மூடித் தேடிச் சொல்வாள். சுகந்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்று அவர் எண்ணிய பஸ்களைச் சொன்னாள், துளசிமணிக்கு டைஃபாய்டு வந்தபோது யாருக்கும் தெரியாமல் மருதமலைப் படியேறியதைச் சொன்னாள். பத்தடி முன்னால் நடந்தது ஏன் என்றும் சொன்னாள்: பின்னால் அவள் கொலுசுச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நடப்பது அவருக்குப் பிடிக்கும், பக்கத்தில் நடந்தால் அது கேட்காது. துளசிமணி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்கிற ஒவ்வொரு முறையும், இதை இவள் எனக்கு முன்னால் தெரிந்துகொண்டாளே என்று வயிறு ஒரு தடவை எரியும். எரிந்துவிட்டு, நாளைக்கு வேறு என்ன வரும் என்று காத்திருக்கும். தனியாக இருக்கிற கிழவிகள் ஒருவர் பின் ஒருவராக அந்த அறை வாசலில் வந்து, தாங்களும் கொஞ்சம் கேட்கலாமா என்று நின்றார்கள். தங்கள் புருஷன்மார் சொல்லாமல் போனதற்குப் பக்கத்தில் எதையாவது வைத்துப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆசை. துளசிமணி ஒருத்தியையும் உள்ளே விடவில்லை.

அப்படி ஒரு வருஷம் போயிற்று, இன்னும் கொஞ்சமும் போயிற்று. ஒரு மதியம் ஞானசௌந்தரி வழக்கத்தைவிட நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுச் சொன்னாள்: ஒரு நாள் கடையைச் சீக்கிரமாக மூடிவிட்டு மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்தாராம், உங்கள் கையில் கொடுக்க வெட்கமாகிவிட்டதாம், வாசலருகில் நின்ற மாட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா உள்ளே வந்தாராம்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அவியளுக்குப் பூ வாசமே ஆகாது. தும்மல் புடிச்சா அடுக்கடுக்கா வரும். நான் பூ வெச்சதே இல்ல, உனக்கு அது தெரியல" என்றாள் துளசிமணி.

ஞானசௌந்தரி கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவங்க ஞாபகமெல்லாம் தீர்ந்து ரொம்ப நாளாச்சு அக்கா. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. இல்லைன்னு சொன்னா போயிருவீங்களோன்னு..."

துளசிமணி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடந்தாள். வராந்தாவில் இரண்டு கிழவிகள் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களை முறைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, ஸ்டூலை நகர்த்தி முட்டுக் கொடுத்து, திரும்பி வந்து ஞானசௌந்தரியின் கட்டிலிலேயே, அவள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த மாடு?" என்று கேட்டாள்.

"என்னக்கா?"

"மாட்டுக்குக் குடுத்தாருன்னியே. எந்த மாடு, செவலையா கறுப்பா? பூவைத் தின்னுச்சா? அவிய அப்பறம் என்ன பண்ணினாரு? பூராவும் சொல்லு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மெல்லமாச் சொல்லு. வெளிய அவளுகளுக்குக் கேட்டுறப் போகுது."